எத்தனை கரப்பொத்தானைக் கண்டால் வீட்டில் குடியேறிவிட்டது என்று கொள்வது?

வாசகர் கேள்வி, 11 மே 2025

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் தட்டுக்கு அண்மையில் வாடகைக்கு வந்தோம். போன கிழமை இரவு குளியலறை வாசலில் பெரிய கரப்பொத்தான் ஒன்று நின்றது. நேற்றுப் பட்டப்பகலில் பென்ட்ரி அலுமாரியைத் திறந்தபோது சிறியது ஒன்று ஓடியது. ஒன்றிரண்டு எல்லா வீட்டிலும் இருக்கும் என்கிறார் கணவர். வீடு முழுவதும் மருந்தடிக்க வேண்டும் என்கிறார் மாமியார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எத்தனையைக் கண்டால் குடியேறிவிட்டது என்று கொள்வது?

11 மே, இரவு

எந்த இனம் என்பதை முதலில் பாருங்கள். எண்ணிக்கை அதன் பிறகுதான் பொருள் தரும். சிறியது பெரியதன் குஞ்சாக இருக்கும் என்று வீட்டில் எண்ணியிருப்பீர்கள். நீங்கள் சொல்லும் இடங்களைப் பார்த்தால் அவை இரண்டும் வெவ்வேறு இனங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

செங்கபில நிறத்தில் 35 முதல் 40 மில்லிமீற்றர் வரை நீண்டு, இரவில் சில வேளை பறந்தும் வருவது அமெரிக்கக் கரப்பொத்தான். பெயர் அப்படி இருந்தாலும் அதன் பூர்வீகம் ஆபிரிக்கா. கொழும்பில் அது வாழும் இடங்கள் கான்கள், கழிவுநீர்க் குழாய்கள், மலக்குழிகள், குப்பை அறைகள். வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் குழாய் வழியாகவோ கதவின் அடியாலோதான். அதில் ஒன்றைக் குளியலறையில் கண்டதால் வீட்டுக்குள் குடும்பம் இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

இளங்கபில நிறத்தில் 12 முதல் 15 மில்லிமீற்றர் வரை இருந்து, தலைக்குப் பின்னுள்ள கவசத்தில் இரண்டு கரிய கோடுகள் நேராக ஓடினால் அது ஜேர்மன் கரப்பொத்தான். சிறகு இருந்தும் அது பறப்பதில்லை. மனிதன் கட்டிய கட்டடத்துக்கு வெளியே அதற்கு வாழ்க்கை இல்லை. ஆகவே அந்த இனத்தில் ஒன்றைக் கண்டாலும் அது உள்ளேயே பிறந்திருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு பெட்டியுடனோ பழைய சாமானுடனோ வந்திருக்க வேண்டும். அதன் குஞ்சு கரும்பழுப்பாக இருக்கும். முதுகின் நடுவே வெளிறிய கோடு ஒன்று ஓடும். அலுமாரியில் ஓடியது அப்படி இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பட்டப்பகலில் ஓடியது என்பதையும் இலேசாக விட வேண்டாம். இவை இருளை விரும்புபவை. பகலில் வெளியே வருவதற்குப் பெரும்பாலான காரணம் ஒளிந்திருக்கும் இடத்தில் இடம் போதாமையே.

12 மே

உயிருள்ளதைத் தேடி அலைவதைவிட அது விட்டுச்சென்றதைத் தேடுவது நல்லது. ஒரு டோர்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பென்ட்ரி அலுமாரிக் கதவுகளின் பிணைச்சல்களைப் பாருங்கள். கதவை முழுதாகத் திறந்து, பிணைச்சல் மரத்தில் பதிந்திருக்கும் குழிவிலும் அதன் திருகாணிகளைச் சுற்றியும் ஒளியைச் சாய்வாக அடியுங்கள். ஜேர்மன் கரப்பொத்தானின் எச்சம் தேயிலைத் தூள் சிந்தியதுபோலக் கரும்பழுப்புப் புள்ளிகளாகக் கிடக்கும். நம் குசினிகளில் உண்மையாகவே தேயிலைத் தூள் சிந்தியிருக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். தேயிலை தட்டின் மேற்பரப்பில் மட்டும் கிடக்கும். ஒரு ஊதலில் பறந்துவிடும். எச்சமோ செங்குத்தான பலகையிலும் தட்டின் அடிப்பக்கத்திலும் ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் கபிலக் கறையாக இழுபடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை பிரிட்ஜின் பின்னால் மோட்டர் சூடாக இருக்கும் இடம், அதன் கதவைச் சுற்றிய இறப்பர் பட்டியின் மடிப்பு, கேஸ் அடுப்பின் அடி, சோறு சமைக்கும் மின்சாரப் பானையின் அடித்தட்டு, சிங்கின் கீழே குழாய் சுவருக்குள் போகும் துவாரம். இவை கேட்பது சூடும் ஈரமும் உடலை இருபுறமும் தொடும் ஒடுக்கமும்தான். அமெரிக்கக் கரப்பொத்தான் வெறும் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் உடலை நசுக்கிக்கொண்டு புகுந்து செல்லும் என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. சிறிய இனத்தின் குஞ்சுகளுக்கு அதிலும் குறைந்த இடைவெளி போதும். எங்கள் வீட்டில் நான் முதன்முதலாகக் குஞ்சுகளைக் கண்டது மைக்ரோவேவ் அடுப்பின் மணிக்கூட்டுக் கண்ணாடிக்கு உள்ளே. பச்சை இலக்கங்களுக்கு முன்னால் சிறு நிழல்கள் நகர்ந்தன. வெளிப்புறத்தை அன்றாடம் துடைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

12 மே, பின்னர்

பார்த்து முடிக்கும் வரை எதையும் தெளிக்க வேண்டாம். கடையில் விற்கும் தெளிமருந்துகளில் பெரும்பாலானவை கரப்பொத்தானை ஒளிவிடத்திலிருந்து கலைத்து வேறு அறைகளுக்கு விரட்டும். அடையாளங்கள் சிதறிய பிறகு கூட்டம் எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

14 மே

நீங்கள் அனுப்பிய படத்தில் யன்னல் விளிம்பில் கிடப்பது பல்லியின் எச்சம். கரிய துண்டின் ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருக்கிறது அல்லவா, அது பல்லிக்கே உரியது. கரப்பொத்தான் எச்சத்தில் அந்த வெள்ளை இராது.

வேறு சிலரும் இதே ஐயத்தை எழுப்பியிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். பெரிய கரப்பொத்தானின் எச்சம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளமுள்ள மொட்டை முனைத் துண்டு. கூர்ந்து பார்த்தால் நீளவாட்டில் வரம்புகள் தெரியும். சுண்டெலியின் எச்சம் அதைவிட நீளம், முனை கூர்மை, சில வேளை மயிர் கலந்திருக்கும். மர அலுமாரியின் கீழே மணல் கொட்டியதாகத் தெரிவது உலர்மரக் கறையானின் வேலையாக இருக்கலாம். அந்தத் துணுக்குகளை உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஆறு பக்கங்கள் தெரியும். கறையானுக்குக் கரப்பொத்தான் மருந்து போட்டுப் பயனில்லை என்பதால் இந்த வேறுபாடு காசு சம்பந்தப்பட்டது.

மிளகு, கடுகு, சீரகம் வைக்கும் இழுப்பறையை ஒரு தடவை முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள். சிந்திய சாமானுக்குள் எச்சம் கலந்து கிடந்தால் கண்ணுக்குப் படாது. இழுப்பறை ஓடும் தண்டவாளத்தில்தான் அது வெளிப்படையாகத் தெரியும்.

15 மே

முட்டைக்கூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார் ஒருவர். என் கணிப்பில் எல்லா அடையாளங்களிலும் நம்பத்தக்கது அதுவே, ஏனெனில் வழிதவறி வந்த ஒன்றுக்கும் குடியிருக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அது சொல்லிவிடும்.

அமெரிக்கக் கரப்பொத்தானின் கூடு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் நீளம், கரும்பழுப்பு, உள்ளே 14 முதல் 16 முட்டைகள் வரை. தாய் அதை ஓரிரு நாளில் உடலிலிருந்து பிரித்து, வாயிலிருந்து வரும் பசையால் அலுமாரியின் மறைவிலோ அட்டைப்பெட்டியின் மடிப்பிலோ ஒட்டிவிடும். ஜேர்மன் இனத்துத் தாய் தன் கூட்டைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். அதில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். ஆகவே சிறிய இனத்தின் வெறுங்கூடு தரையில் கிடந்தால் குஞ்சுகள் அண்மையிலேயே வெளிவந்துவிட்டன என்று கொள்ளலாம்.

கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்க மனம் வராது என்றாலும் ஒரு தாளில் வைத்து நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நீளவாட்டில் பல்வரிசையுடன் ஒரு விளிம்பு ஓடும். குஞ்சுகள் வந்திருந்தால் கூடு அந்த விளிம்பு வழியே பிளந்திருக்கும். விளிம்பு மூடியிருக்க, சுவரில் வட்டமாக ஒரு துளை மட்டும் இருந்தால், உள்ளே இருந்த முட்டைகளைக் குளவி ஒன்றின் புழு தின்றுவிட்டு வெளியேறியிருக்கிறது. அந்தக் குளவியையும் நீங்கள் கண்டிருப்பீர்கள்: கரியது, நீண்ட பின்னங்கால்கள் கொண்டது, யன்னல் கண்ணாடியில் நடந்துகொண்டே தன் சிறிய தட்டையான வயிற்றை மேலும் கீழும் ஆட்டும். மனிதரை ஒன்றும் செய்யாது. அது அடிக்கடி வீட்டுக்குள் தென்பட்டால் பெரிய கரப்பொத்தானின் கூடுகள் அருகில் எங்கோ இருக்கின்றன. அதை அடித்துக் கொல்லாதீர்கள்.

18 மே

உங்கள் சிங்கின் கீழ் குழாய்த் துவாரத்தைச் சுற்றி எச்சம் அடர்த்தியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிணைச்சல்களில் குறைவு, துவாரத்தில் அதிகம் என்றால் மையம் உங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

தொடர்மாடிகளில் குசினிகள் ஒன்றின்மேல் ஒன்றாகவும் சுவரோடு சுவராகவும் அமைகின்றன. குழாய்கள் போகும் செங்குத்துக் குழல் எல்லாத் தட்டுகளுக்கும் பொது. குழாய் பதித்தவர்கள் துவாரத்தைச் சுற்றிச் சீமெந்து பூசாமல் விட்ட இடமெல்லாம் அவற்றுக்கு வாசல்கள். எங்கள் கட்டடத்தில் நான் மேல்தட்டில் இருந்த மாமி ஒருவரிடம் இதைக் கதைக்கப் பல நாள் தயங்கினேன். உங்கள் வீடு அழுக்கு என்று சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். ஒரு நாள் லிஃப்டில் அவரே கேட்டார்: "பிள்ளை, உங்கட வீட்டிலயும் சின்னக் கரப்பொத்தான் இருக்கா? எங்கட வீட்டில இருந்துதான் வருதெண்டு நினைப்பியளோ எண்டு நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல." அவர் வீட்டிலும் கீழ்த்தட்டிலும் அதே துவாரத்தைச் சுற்றி அதே கறைகள் இருந்தன. ஒரே நிரலில் உள்ள வீடுகள் ஒன்றாகச் சேர்ந்து பார்த்த பிறகே எங்களுக்கு விடிவு வந்தது.

ஆகவே முகாமைத்துவக் குழுவிடம் முறையிடுவதற்கு முன் மேல்வீட்டுக் கதவையும் கீழ்வீட்டுக் கதவையும் தட்டுங்கள். சுத்தமான வீட்டிலும் இவை வாழும். ஒரு சொட்டு நீரும் அடுப்பின் அடியில் ஒரு துளி எண்ணெயும் போதும்.

19 மே

வெள்ளையாக ஒன்றைக் கண்டேன், இது புதுவகையா என்று கேட்டவருக்கு: அது சற்றுமுன் தோலுரித்தது. சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஜேர்மன் கரப்பொத்தான் வளர்ந்து முடிய ஆறேழு தடவை தோலுரிக்கும். மெல்லிய, கபிலம் பாரித்த வெறுந்தோல்கள் மூலைகளில் பல அளவுகளில் கிடந்தால் அங்கேயே வளர்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

20 மே

இந்தச் சிறிய இனம் வெளிநாட்டுச் சரக்குடன் அண்மையில் வந்தது என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். உயிரினங்களுக்கு அறிவியற் பெயரிட்ட லின்னேயஸ் 1767இல் அதற்கு ஜேர்மனியின் பெயரை இட்டது உண்மை. ஆனால் 2024இல் வெளியான மரபணு ஆய்வு, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியன்மாரிலோ ஆசியக் கரப்பொத்தானிலிருந்து இது பிரிந்து மனிதக் குடியிருப்புக்குப் பழகியது என்று காட்டுகிறது. நமது பக்கத்திலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய பிராணி இது. உங்கள் வீட்டுக்குள் வந்த வழி வேறு கேள்வி. அதற்குப் புறக்கோட்டையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியையும், பழையதாக வாங்கிய பிரிட்ஜையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

24 மே

குழந்தையைப் பற்றி எழுதாமல் மற்றவற்றை எழுதிக்கொண்டிருந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. எச்சம், உமிழ்நீர், உதிர்ந்த தோல் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் ஒவ்வாமையைத் தூண்டும். ஆஸ்துமா உள்ள அமெரிக்க நகரச் சிறுவர்களை ஆராய்ந்து 1997இல் வெளியான பெரிய ஆய்வு, கரப்பொத்தான் ஒவ்வாமையும் படுக்கையறைத் தூசியில் அதன் எச்சங்களும் ஒருங்கே இருந்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதைக் கண்டது. உயிருள்ள பூச்சி கண்ணில் படாத அறையிலும் இந்தத் தூசி இருக்கும்.

என் மகனின் இருமலுக்கு நாங்கள் மழையையும் கடற்கரை வீதிப் புழுதியையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் சுவரிலிருந்து நகர்த்திய நாளில் அதன் பின்னால் தோல்களும் கறைகளும் கிடந்தன. இருமலுக்கு அதுதான் காரணம் என்று வைத்தியர் அறுதியிட்டுச் சொல்லவில்லை; ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்றார். அன்று முதல் படுக்கையறையையும் குசினியைப் போலவே சோதிக்கிறேன்.

அந்தத் தூசியைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். கூட்டும்போது எழுந்து மூச்சில் போகும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். அந்த நேரத்தில் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

29 மே

தென்மேற்குப் பருவமழை பலமாகத் தொடங்கியிருப்பதால், பெரிய கரப்பொத்தான் ஒன்றைக் கண்டு பதற வேண்டாம் என்று 11ஆம் திகதி எழுதியதற்கு ஓர் எல்லை வகுக்க வேண்டியிருக்கிறது. கான்கள் நிறையும்போது அவை மேலே ஏறும். மழை இரவில் இரண்டு மூன்று வந்தால் அது வெள்ளத்தின் விளைவு. மழை விட்டுப் பல நாளான பின்னும் அதே குளியலறையில் வந்துகொண்டிருந்தால் குழாயில் வாசல் திறந்திருக்கிறது.

பெரும்பாலும் அந்த வாசல் நீர் வற்றிய தரை வடிகாலாகவே இருக்கும். வடிகாலின் வளைவில் தேங்கி நிற்கும் நீர்தான் கழிவுக் குழாயை வீட்டிலிருந்து பிரித்து வைக்கிறது. பாவிக்காத குளியலறையில் அந்த நீர் ஆவியாகிவிடும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீடுகளின் வற்றிய வடிகால்கள் வழியாக ஏறுபவை தாழ்வாரம் கடந்து உங்கள் கதவடியால் வருகின்றன. சாவி வைத்திருக்கும் உறவினரிடம் கிழமைக்கு ஒரு தடவை ஒரு வாளி நீர் ஊற்றச் சொல்லுங்கள். வடிகாலுக்கு நுண்வலை போடுவதும் நல்லது.

குஞ்சுகளைக் கண்டால் கதை மாறும். சிறகில்லாத செங்கபிலக் குஞ்சுகள் பல அளவில் வீட்டுக்குள்ளேயே தென்பட்டால், பெரிய இனமும் உள்ளே ஒரு மூலையைப் பிடித்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

3 ஜூன்

குசினியில் ஒன்றுமில்லை, ஆனால் சுவாமி அறையில் இருக்கின்றன என்ற வாசகரின் குறிப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அது மூன்றாவது இனமாக இருக்கலாம். கபிலப் பட்டைக் கரப்பொத்தான் 10 முதல் 14 மில்லிமீற்றர் வரை இருக்கும். கவசத்தில் கரிய இரட்டைக் கோடு இல்லை. குஞ்சின் முதுகில் குறுக்காக இரண்டு வெளிறிய பட்டைகள் இருக்கும். இதற்கு நீர் அதிகம் தேவையில்லை. சூடான, உலர்ந்த, உயரமான இடங்களே பிடிக்கும்: படச்சட்டங்களின் பின்புறம், புத்தக அலுமாரியின் மேல்தட்டு, தொலைக்காட்சியின் உட்புறம்.

சுவாமிப் படங்களை இறக்கிப் பின்பக்க அட்டையைப் பாருங்கள். அட்டையின் பசையை அவை அரிக்கும். ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமான சிறு கூடுகள் சட்டத்தின் மூலையில் ஒட்டியிருக்கும். நைவேத்தியம் வைத்த தட்டை அன்றிரவே எடுத்துவிடுவதும் உதவும். இந்த இனத்துக்குக் குசினியில் மட்டும் மருந்து வைத்துவிட்டுப் பலன் இல்லை என்று சலித்துக்கொள்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

10 ஜூன்

நீங்கள் வைத்த ஒட்டுப்பொறிகளின் (பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டைகள்) படங்களைப் பார்த்தேன். பிரிட்ஜின் பின்னால் வைத்ததில் மூன்று வெவ்வேறு அளவில் குஞ்சுகளும், கூடு சுமந்த தாய் ஒன்றும் இருக்கின்றன. குளியலறைப் பொறியில் பெரியது ஒன்று மட்டும். உங்கள் முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: சிறிய இனம் குடியேறியிருக்கிறது, பெரியது விருந்தாளி. சுவரோரமாகப் பொறி வைத்தது சரியான முறை. அறையின் நடுவே வைத்தால் அவை அண்டுவதில்லை.

இனி மருந்து. அறை முழுவதும் மருந்துப் புகையை நிரப்பும் புகைக்குண்டு வகை வேண்டாம். வட கரோலினாவின் ராலே நகரத் தொடர்மாடிகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், புகைக்குண்டு வைத்த வீடுகளில் ஜேர்மன் கரப்பொத்தான் குறையவில்லை, மருந்து மட்டும் தரையிலும் மேசையிலும் படிந்தது; ஜெல் தூண்டில் (தின்றால் சாகும்படி மருந்து கலந்த பசை) வைத்த வீடுகளில் குறைந்தது. ஜெல்லை எச்சம் அடர்ந்த இடங்களுக்கு அருகே சிறுசிறு பொட்டுகளாக வையுங்கள். அதே இடத்தில் தெளிமருந்து அடித்தால் அவை ஜெல்லைத் தின்னா. ஜெல்லை நெருங்கிவிட்டு விலகினால் வேறு வகைக்கு மாறுங்கள், ஏனெனில் தூண்டிலில் இனிப்புக்குச் சேர்க்கும் குளுக்கோசு கசப்பாகப் படும்படி மாறிவிட்ட கூட்டங்கள் உண்டு என்பது 2013இல் விளக்கப்பட்டிருக்கிறது.

தெருவோரத்தில் சிட்டை ஒன்றுமின்றி விற்கும் சோக்கையும் பொடியையும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இலங்கையில் பூச்சிமருந்துகள் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளைக் குழந்தை வாயில் வைத்தால் வைத்தியரால் என்ன செய்ய முடியும்? போறிக் அமிலப் பொடியும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் கூடாது.

12 ஓகஸ்ட்

பொறிகளில் ஒன்றும் இல்லை, முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டைச் சுமந்த தாய் ஒன்று தப்பியிருந்தால் குஞ்சுகள் வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம், அவை வளர்ந்து மறுபடி முட்டையிட மேலும் இரண்டு மாதமளவு செல்லும். அதனால் கடைசிக் குஞ்சைக் கண்ட நாளிலிருந்து மூன்று மாதம் வரை பொறியை எடுக்க வேண்டாம். பழைய கறைகளை இன்னும் துடைக்காமல் விட்டிருந்தால் இப்போதே பிணைச்சல்களையும் துவாரத்தையும் சவர்க்கார நீரால் முழுதாகத் துடைத்துவிடுங்கள். அதன் பின் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் புதியது என்று ஐயமின்றிச் சொல்ல முடியும். குழாயைச் சுற்றிய இடைவெளியைச் சீமெந்தால் அடைத்தாயிற்று என்கிறீர்கள். மேல்வீட்டிலும் அதைச் செய்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். செய்யவில்லை என்றால் பிரிட்ஜின் பின்னால் உள்ள பொறியைச் சிங்கின் கீழே, அந்தச் சுவரோடு சேர்த்து வையுங்கள்.